கடலுக்கு அனுப்பிய வேட்டி

ராஜபாளையம்
21.3.2021

அன்புத் தம்பி காளிராஜுக்கு,

அக்கா பாண்டிசெல்வி எழுதுவது. இங்கே நான், உங்க அத்தான், அனுசியா, சின்னவன் பாலகணேஷ், என் மாமியார் எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் மகாலட்சுமியும் அவள் வயிற்றில் இருப்பதும் சௌக்கியம் என்று ஒரு வரி எழுதிப்போடு. அதைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

பஸ் ஏறினால் அரை மணியில் வந்து நிற்கிற ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கடிதம் எழுதுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன செய்ய? வீட்டில் இருக்கிற ஒரு போனும் அனுசியாவின் ஆன்லைன் வகுப்போடு ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் அது கைக்கு வந்து உன்னைக் கூப்பிட்டால், நீ ஸ்பீக்கரில் போட்டு மகா தலைமாட்டில் வைத்துவிடுகிறாய். அவள் காதில் எது விழலாம், எது விழக்கூடாது என்று யோசித்து யோசித்து எனக்குப் பேச்சே மறந்துபோகிறது. அதனால் நீ வேலை பார்க்கிற பால்கோவா கடைக்குப் பால் ஏற்றி வரும் சங்கையா அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

விஷயம் இதுதான். போன வருஷம் ஊரடங்கில் சின்னவனுக்குக் காய்ச்சல் தலைக்கேறிக் கை காலை இழுத்து வெட்டு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஆட்டோ கிடையாது, ஆள் கிடையாது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு உங்க அத்தான் தென்காசி ரோட்டில் ஓடினார். நான் பின்னாலேயே ஓடிக்கொண்டு, "செந்தூர் முருகா, பிள்ளை கண்ணைத் தொறக்கட்டும், ஒன் கடக்கரையில முடி எறக்கி காது குத்துதேன்" என்று கத்தினேன். பிள்ளை கண்ணைத் திறந்தான். இப்போது அவனுக்கு மூன்றாம் வயது நடக்கிறது. காது குத்த ஒற்றைப்படை வயதுதான் ஆகும். இதை விட்டால் ஐந்தாம் வயதுதான்.

சித்திரை பிறந்த மறுநாள் திருச்செந்தூர் போகிறோம். வேன் பேசியாகிவிட்டது. அவன் உட்கார உன் மடி வேண்டும். அப்பா அம்மா இல்லாத வீட்டில் எனக்குப் பிறந்த வீடு என்றால் நீதான், அவனுக்குத் தாய்மாமன் என்றாலும் நீதான். காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடலாம். சாக்குச் சொல்லாதே.

உங்க அத்தான் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

அக்கா
பாண்டிசெல்வி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
25.3.2021

அன்பு அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பது தெரிந்து சந்தோஷம். மகாவும் சுகம். இரண்டு நாளாக வயிற்றில் உதை பலமாக இருக்கிறது என்கிறாள். நான் கை வைத்தால் மட்டும் அது சும்மா இருக்கிறது. ஆனி மாதம் என்று டாக்டரம்மா நாள் கொடுத்திருக்கிறார்.

உன் கடிதத்தை இஸ்திரிப் பெட்டியால் இரண்டு பக்கமும் தேய்த்துவிட்டுத்தான் பிரித்தேன். கோபப்படாதே. கடையிலிருந்து கொண்டுவருகிற ரூபாய் நோட்டையும் அப்படித்தான் தேய்க்கிறேன். காய்கறியை மஞ்சள் தண்ணீரில் ஊறவைக்கிறேன். கடையில் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். கல்யாணமாகி எட்டு வருஷம், இரண்டு முறை கையில் வராமலே போனது. இந்த மூன்றாவதை நான் எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்கே தெரியவில்லை. தெருவில் இருமல் சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். கர்ப்பிணிக்குக் கொரோனா வந்தால் ரொம்பச் சிரமம் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து தூக்கம் போய்விட்டது.

அக்கா, டிவியில் பார்த்தாயா? வடக்கே மறுபடியும் ஏறுகிறது. கோடை லீவு, கடற்கரை, கோயில் என்று ஊர் முழுக்க ஒரே இடத்தில் போய்க் குவிகிறது. செந்தூரில் சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? நேர்த்திக்கடனைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். இல்லையென்றால் நம் ஊர்க் கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம். அத்தானிடம் பேசிப் பார்.

பால்கோவா கொடுத்தனுப்பியிருக்கிறேன். டப்பாவைத் துடைத்துவிட்டு எடு.

தம்பி
காளிராஜ்

*

ராஜபாளையம்
30.3.2021

தம்பி காளிராஜுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

எல்லோரும் சுகம். பால்கோவா டப்பாவைத் துடைத்தேன், கழுவினேன், கும்பிட்டேன், அப்புறம்தான் எடுத்தேன். போதுமா? கடிதத்துக்கு இஸ்திரி போட்ட கதையை உங்க அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். தறிக்குக் கீழே படுத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தவர் சிரித்த சிரிப்பில் ஸ்பானர் கைநழுவி விழுந்துவிட்டது. "மாப்ளயப் பாத்து கொரோனாவே ஆறடி தள்ளி நிக்கும்" என்றார்.

அவருக்கென்ன, சிரிப்பார். பேண்டேஜ் துணி ஓட்டிய தறியில் எல்லாம் இப்போது மாஸ்க் துணி ஓடுகிறது. தறி பழுது பார்க்கிற பிட்டருக்கு ஒழிவே கிடையாது. அவருக்கு லீவு கிடைப்பதே அந்த ஒரு நாள்தான்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. மகா இரண்டாம் முறை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். ஆனால் தெய்வத்துக்குச் சொன்னதை எப்படித் தள்ளிப்போடுவது? முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நீ எழுதிவிட்டாய். மறுபடி பிள்ளைக்கு வெட்டு வந்தால் நான் யார் முகத்தில் போய் விழிப்பேன்? அன்றைக்கு அவன் கண் மேலே செருகியதை நீ பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். தாய்மாமன் வராமல் போனால் என் மாமியார் வாய் சும்மா இருக்காது. வேனில் வருகிற சொந்தக்காரர்கள் வாயும் சும்மா இருக்காது. இப்போதே, "ஏட்டி, ஒந்தம்பி வாரானா, இல்ல மடிய தபால்ல அனுப்புதானா?" என்று கேட்டாயிற்று. மாஸ்க் போட்டுக்கொண்டு வா. கடல் காற்று பட்டால் கிருமி கிட்டே வராதாம். திரும்பி வந்து நாலு குளியல் குளித்துவிட்டு வீட்டுக்குள் போ.

மகாவுக்கு மாங்காய் அனுப்புகிறேன், சேத்தூர்த் தோப்புக்காய். உங்க அத்தான் விசாரித்தார்.

அக்கா
பாண்டிசெல்வி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
11.4.2021

அன்பு அக்கா,

சுகம். உங்கள் சுகத்துக்கு ஆண்டாளை வேண்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். எழுதி எழுதிக் கிழித்ததில் பதில் தாமதமாகிவிட்டது.

நான் வரவில்லை, அக்கா.

மகாவுக்குப் பிரஷர் கூடியிருக்கிறது. கால் வீங்கியிருக்கிறது. படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் கிளம்புவதை அவளிடம் சொன்னேன். "போயிட்டு வாங்க, நான் இருந்துக்கிடுவேன்" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு, என் சட்டை நுனியைப் பிடித்த கையை அவள் விடவில்லை. அதைத் தட்டிவிட்டு வேனில் ஏற எனக்கு மனசு வரவில்லை.

சங்கையா அண்ணனிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். சின்னவனுக்குக் கம்மல், சட்டை துணிமணி, உனக்குச் சேலை, அத்தானுக்குத் துண்டு. அடியில் ஒரு புது எட்டு முழ வேட்டி இருக்கும். மடிப்புக் கலைக்காதது. அதை யார் மடியிலாவது விரித்து அதன் மேல் பிள்ளையை உட்கார வையுங்கள். மாமன் மடிக்குப் பதில் மாமன் வேட்டி என்று நினைத்துக்கொள். உன் மாமியார் சிரிப்பார்கள். தபாலில் அனுப்பிவிட்டான் என்பார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கூட்டத்தில் பிள்ளையைக் கீழே விடாதே. அத்தான் மாஸ்க்கை நாடிக்குக் கீழே இறக்கிவிடுவார், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மன்னித்துவிடு.

தம்பி
காளிராஜ்

*

ராஜபாளையம்
18.4.2021

அன்புத் தம்பிக்கு,

நேர்த்திக்கடன் முடித்து நல்லபடியாக வந்து சேர்ந்தோம். மகாவின் கால் வீக்கம் வடிந்ததா? தலையணையை உயர்த்திக் காலை அதன் மேல் வைக்கச் சொல்.

உன்மேல் கோபமாக இருக்கிறேன், ஆனாலும் செந்தூர்க் கதையை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ சொன்னதுதான் நடந்தது. உலகத்தில் உள்ள நேர்த்திக்கடன் எல்லாம் அன்றைக்குத்தான் முடிக்கப்பட்டது. தரையில் ஆறடிக்கு ஒரு வெள்ளை வட்டம் போட்டு, ஒரு வட்டத்துக்கு ஒரு ஆள் என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு குடும்பமே நின்றது. சில வட்டத்தில் செருப்பையும் பையையும் நிறுத்திவிட்டு ஆட்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். இடைவெளியை ஒழுங்காகக் கடைப்பிடித்தது அந்தச் செருப்புகள்தான்.

கடலில் இறங்கக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தது. கயிற்றை ஒருவர் தூக்கிப் பிடிக்க, அதற்குக் கீழே அம்புட்டு ஜனமும் குனிந்து போகிறது. போலீஸ்காரர் மைக்கில், "ஏம்மா மஞ்சச் சேல, தள்ளி நில்லும்மா!" என்று கத்தினார். கரையில் பாதிப் பேர் மஞ்சள் சேலைதான். எல்லோரும் ஒரே நேரத்தில் தள்ளிப்போய் இன்னொரு கூட்டத்தின் மேல் விழுந்தோம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிரித்து முடித்த பிறகுதான் பார்த்தேன், உங்க அத்தானின் மாஸ்க் காதில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் யாரோ ஒரு பெரியவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். பெரியவர் அவர் தோளில் முகத்தை வைத்து இருமிக்கொண்டிருந்தார். மயக்கமாம். நிழலுக்குக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு வந்தார்.

சின்னவனுக்கு மொட்டை அழகாக இருக்கிறது. தடவித் தடவிப் பார்க்கிறான். காது குத்து பற்றி நேரில் சொல்கிறேன்.

உங்க அத்தானுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். உன்னை விசாரித்தார்.

அக்கா
பாண்டிசெல்வி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
22.4.2021

அன்பு அக்கா,

இங்கே சுகம். அங்கே அத்தான் சுகமா? இந்தக் கடிதத்தில் அதைத் தவிர எனக்குக் கேட்க வேறு எதுவும் இல்லை.

தொண்டை என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து என் கை வேலையில் நிற்கவில்லை. பால் அடிப்பிடித்துவிட்டது, முதலாளி திட்டினார். நேற்று சங்கையா அண்ணனைக் கேட்டேன். "காய்ச்ச கெடக்குன்னாக. சாதாக் காய்ச்சதான்" என்று சொல்லிவிட்டு அவசரமாக வண்டியை எடுத்துவிட்டார். டெஸ்ட் எடுத்தீர்களா? மூச்சு எப்படி இருக்கிறது? வாசனை தெரிகிறதா என்று கேள். உன் போனுக்கு நாலு தடவை அடித்தேன். அனுசியா எடுத்து, "அம்மா வேலையா இருக்கா மாமா" என்று வைத்துவிட்டாள். அவள் குரலும் சரியில்லை.

அக்கா, நான் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே வருகிறேன். மகாவிடம் மறுநாள் ஞாயிறு ஊரடங்குக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்வேன். அப்பா செத்த அன்று எனக்குத் தோள் கொடுத்தவர் அத்தான். மகா இரண்டாம் முறை கிடந்தபோது சாப்பிடாமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றவர். கடலுக்குத்தான் பயந்து வராமல் இருந்துவிட்டேன். அவர் படுத்துக் கிடக்கும்போதும் நான் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் மனுஷனா? வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். தேவைப்பட்டால் நானே மதுரைக்கு அழைத்துப் போகிறேன்.

காது குத்தியது யார் மடியில் என்று நீ எழுதவில்லை. நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி
காளிராஜ்

*

ராஜபாளையம்
23.4.2021

காளிராஜுக்கு,

நீ வர வேண்டாம்.

உங்க அத்தானுக்கு ஒன்றுமில்லை. காய்ச்சல் விட்டுவிட்டது. தறிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

யார் மடி என்று கேட்டாய் அல்லவா? கேட்டுக்கொள். அவருடைய சித்தப்பா மகன் பிரேம்குமார் மடியில் உட்கார வைத்துக் காது குத்தியாயிற்று. கம்மலும் அவர் வாங்கியதுதான். உன் கம்மலும் உன் வேட்டியும் பையிலேயே கிடக்கின்றன. அத்தனை பேர் முன்னால், "தாய்மாமன் எங்கே?" என்று ஆசாரி கேட்டபோது நான் தலையைக் குனிந்து நின்றேன். பிறந்த வீடு இல்லாதவள் மாதிரி நின்றேன். அந்த வலி உனக்குத் தெரியாது. நீ உன் பெண்டாட்டியின் காலடியில் உட்கார்ந்து நோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிரு.

வேண்டிய நாளில் வராதவன் வேண்டாத நாளில் வர வேண்டாம். என் பிள்ளைக்கு நீ மாமனும் இல்லை, எனக்குத் தம்பியும் இல்லை. மீறி வந்தாயானால் தெரு பார்க்கக் கதவைச் சாத்தித் தாழ் போடுவேன். போனும் பண்ணாதே.

பாண்டிசெல்வி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
1.5.2021

அக்காவுக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். ராஜபாளையம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறும்போது உன் கடிதம் சட்டைப் பையில் குத்தியது. இறங்கிவிட்டேன்.

நான் வராதது தப்புத்தான். அதற்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வேன். ஆனால் மகாவை ஏன் இழுத்தாய்? இன்னும் உன்னை மதினி மதினி என்று சொல்லிக்கொண்டு கிடக்கிறாள். பிள்ளைக்கு என்ன பெயர் என்று முடிவு செய்ய மதினியைக் கேட்க வேண்டும் என்கிறாள்.

பிரேம்குமார் மடியில் என்று படித்தபோது அழுதுவிட்டேன். கடைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள், அடுப்புப் புகை என்றேன்.

இன்னொன்று. உன் கடிதத்தை வாங்கியபோது அது மொரமொரவென்று இருந்தது. ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழுப்பு. என் பயத்தை இப்படியா கேலி செய்வது? திட்டுகிற கடிதத்தைத் தேய்த்து மடித்து அனுப்பும் அளவுக்கு உனக்கு என்மேல் வெறுப்பு வந்துவிட்டதா? இந்த ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியாது, அக்கா.

அத்தான் வேலைக்குப் போவது கேட்டு நிம்மதி. என் வணக்கத்தைச் சொல். சொல்லப் பிடிக்காவிட்டால் விடு.

காளிராஜ்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
23.5.2021

அன்பு அக்கா,

பதில் இல்லை. என் கோபமும் எனக்குள் இல்லை. எல்லோரும் சுகமா?

ஊரே சாத்திக் கிடக்கிறது. ரத வீதியில் நாய்கூட இல்லை. ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும் மதுரை ரோட்டில் போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மகா என் முகத்தைப் பார்க்கிறாள், நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன்.

பால் வண்டிக்கு மட்டும் அனுமதி உண்டு. சங்கையா அண்ணன் தினமும் வருகிறார், ஆனால் முன்போல வண்டியை விட்டு இறங்குவதில்லை. "அக்கா எப்பிடி இருக்கா?" என்றால், "நல்லா இருக்காக" என்கிறார். "அத்தான்?" என்றால், கேனை எண்ண ஆரம்பித்துவிடுகிறார். நேற்று வண்டியின் முன்னால் போய் நின்றுகொண்டேன். "தம்பி, ஒங்க அக்கா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காக. என்னயப் பேச வைக்காதிய" என்றார். என்ன சத்தியம், அக்கா? என்னோடு பேசக்கூடாது என்று பால் வண்டிக்காரரிடம்கூடச் சத்தியம் வாங்கும் அளவுக்கா?

மகாவின் பிரஷர் இறங்கவில்லை. பயப்படாமல் இருக்கச் சொல்கிறார்கள். நானே பயந்து நடுங்கிக்கொண்டு அவளைப் பயப்படாதே என்கிறேன். நீ ஒரு வரி எழுது. திட்டியே எழுது.

தம்பி
காளிராஜ்

*

ராஜபாளையம்
28.5.2021

தம்பி காளிராஜுக்கு,

பிள்ளைகளும் நானும் மாமியாரும் இருக்கிறோம்.

மகாவைப் பார்த்துக்கொள். அவளுக்குப் பிரசவம் ஆகும்வரை எனக்கு எழுதாதே, போன் பண்ணாதே, சங்கையா அண்ணனை வழிமறிக்காதே. அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும். எனக்கு இப்போது வேண்டுவது அது ஒன்றுதான்.

பெண் பிறந்தால் எனக்கு எழுது. பையன் பிறந்தாலும் எழுது.

அக்கா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
20.6.2021

என் அக்காவுக்கு,

பெண் பிறந்திருக்கிறது!

ஆனி மூன்றாம் நாள், வியாழக்கிழமை. ஆபரேஷன்தான். இரண்டு பேரும் சுகம், சுகம், சுகம். உன்னைப் போலவே நெற்றி. உன்னைப் போலவே பிறந்ததிலிருந்து சத்தம். மகா கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "மதினிக்குச் சொல்லியாச்சா?" என்பதுதான்.

பிரசவத்துக்கு முன் இருவருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். எங்களுக்கு இல்லை என்று எழுதி வந்த சீட்டைப் பார்த்து நான் ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை மாதமாகச் சுமந்த பயம்!

பிள்ளையைக் கையில் வாங்கியதும் உன்மேல் இருந்த மனத்தாங்கல் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. நீ என்னைத் திட்டியது சரிதான். இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு மாமனாக நிற்பது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. பிரேம்குமார் மடியில் குத்தினால் என்ன, சின்னவன் என் பிள்ளைதான்.

அத்தானிடம் உடனே சொல். மருமகள் வந்துவிட்டாள், மொட்டைத் தலையனைத் தயாராக இருக்கச் சொன்னேன் என்று சொல். அவர் சிரிக்கிற சத்தத்தைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. போன கடிதத்தில் அத்தான் விசாரித்ததாக நீ எழுதவில்லை. இன்னும் என்மேல் வருத்தமா அவருக்கு?

தம்பி
காளிராஜ்

*

ராஜபாளையம்
4.7.2021

என் கண்ணான தம்பிக்கு,

மருமகளுக்கும் மகாவுக்கும் அத்தையின் ஆயிரம் முத்தம். பிள்ளையைத் தொட்டிலில் போட்டாயிற்று என்று சங்கையா அண்ணன் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். இதை மகாவுக்குப் படித்துக் காட்டாதே. அவளுக்குப் பச்சை உடம்பு. உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.

உங்க அத்தான் இல்லை, தம்பி.

நீ வருகிறேன் என்று எழுதினாயே, அன்றைக்கு முந்தின நாளே டெஸ்ட் எடுத்து அவருக்கு இருக்கிறது என்று வந்துவிட்டது. யாரும் வரக்கூடாது என்று தெருவை அடைத்துத் தகரம் அடித்துவிட்டார்கள். எனக்கும் காய்ச்சல். அவருக்கு வைத்த மிளகு ரசத்தை மூக்கருகே வைத்துப் பார்க்கிறேன், ஒரு மணமும் இல்லை. அப்போது உன் கடிதம் வந்தது. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். நீ வாசலோடு நிற்கிற ஆளா? அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்தால் உள்ளே ஓடிவந்து அவரைத் தூக்கியிருப்பாய். அப்படியே போய் மகா பக்கத்தில் படுத்திருப்பாய். எட்டு வருஷம் காத்த பிள்ளை.

வராதே என்று நல்லவிதமாகச் சொன்னால் நீ கேட்க மாட்டாய். அதனால்தான் திட்டி எழுதினேன். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"இம்புட்டுக் கடுசாவா எழுதணும்?" என்றார்.

"இல்லாட்டி வந்துருவான்" என்றேன்.

மூச்சு வாங்கத் தலையணையில் எழுந்து சாய்ந்தார். பொறவு, "அப்ப காது குத்தியாச்சுன்னும் சேத்து எழுது. பிரேம்குமார் மடின்னு எழுது. அதுக்குத்தான் மாப்ள நிப்பான்" என்றார்.

அது பொய், தம்பி. சின்னவனுக்குக் காது குத்தவில்லை. செந்தூரில் ஆசாரி கேட்டது உண்மை. பிரேம்குமார் உட்காரத் தயாராகத்தான் இருந்தார், உன் வேட்டியையும் விரிக்கப் போனேன். உங்க அத்தான்தான் விடவில்லை. என் மாமியார் கத்தக் கத்த, "எம்மாப்ள பயந்தாங்கொள்ளிதான். இருந்தாலும் அவன் மடிதான். அஞ்சு வயசுல குத்திக்கிடுவோம்" என்று பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கடலைப் பார்க்க நடந்துவிட்டார். அதை நேரில் சொல்லி உன்னைச் சிரிக்கவைக்கலாம் என்றுதான் அந்தக் கடிதத்தில் எழுதாமல் வைத்திருந்தேன்.

கடிதத்தை நான்தான் தேய்த்தேன். கேலிக்கு இல்லை. என் கை பட்ட தாள் மகா இருக்கிற வீட்டுக்குள் போகிறதே என்று, கருகுகிற அளவுக்குத் தேய்த்தேன். உன்னைப் பார்த்து எவ்வளவு சிரித்தேன்! காய்ச்சலோடு இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உன் பயம் முழுவதும் எனக்கு வந்துவிட்டது.

அவரை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மே ஒன்பதாம் தேதி போன் வந்தது. பிரேம்குமார் மட்டும் போனார். அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு முகம்கூடக் கிடைக்கவில்லை. கடலுக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். அந்தக் கயிற்றுக்குக் கீழே எல்லோரையும் குனிய வைத்தவள் நான். அதை நினைக்காமல் ஒரு பொழுதும் விடிவதில்லை. நீ ஆறுதல் சொல்வாய் என்று தெரியும். இப்போது வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

உனக்குச் சொல்லக்கூடாது என்று பிரேம்குமாரிடமும் சங்கையா அண்ணனிடமும் சத்தியம் வாங்கினேன். மகாவின் பிரஷர் உன் முகத்தைப் பார்த்துத்தான் ஏறும் இறங்கும் என்று எனக்குத் தெரியாதா?

பதினாறாம் நாள் என் மாமியார் கேட்டார்கள், "பொறந்த வீட்டுக் கோடி எங்கட்டி?" என்று. புருஷன் போனவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுத்துணி கொண்டுவந்து போர்த்த வேண்டும் அல்லவா. அதற்குத் தம்பி வர வேண்டும். நான் உள்ளே போனேன். நீ கடலுக்கு அனுப்பிய பை ஆணியில் தொங்கியது. சேலையைச் செந்தூரிலேயே கட்டியாயிற்று, அந்த வேட்டி மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. எடுத்து வந்து நானே என் மேல் போர்த்திக்கொண்டேன். "எந்தம்பி கொடுத்தது" என்றேன். மாமியார் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு அழுதார்கள்.

நீ வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, தம்பி. நீ வந்திருந்தாய்.

பிள்ளைக்கு ஒரு மாதம் ஆகட்டும். ஊசி போட்டுக்கொள். அப்புறம் வா, கதவு திறந்திருக்கும். சின்னவனுக்குத் தலையில் முடி வளர்ந்துவிட்டது. காது அப்படியே இருக்கிறது. கம்மல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

மடிக்கு மட்டும் வேறு வேட்டி எடுத்து வை.

உன் அக்கா
பாண்டிசெல்வி